பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வண்டி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போன மாதம் இந்தப் பகுதியில், அமெரிக்காவில் பல பள்ளிகளில் ஒரு பிள்ளை மனசு உடைந்து கத்தினால் முதலில் வந்து நிற்பவர் இடுப்பில் துப்பாக்கி வைத்த ஒரு போலீஸ்காரர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டன. நான் அங்கே 16 வருடம் பள்ளிச் சமூகப் பணியாளராக இருந்தவள், பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் உங்கள் ஊர் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், துறுதுறுப்பு அதிகமாக இருக்கும் நிலை) இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் டேப்லெட்டைப் பிடுங்கி வைத்ததற்கு மேஜையைத் தள்ளிவிட்டு 'ஐ வான்ட் டு டை' என்று கத்தியிருக்கிறான். பள்ளியிலிருந்து போன் வந்தது, 'ட்ரான்ஸ்போர்ட் பண்ணிவிட்டோம்' என்றார்கள். சீக்கிரமே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, போலீஸ் காரில் மனநல மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு ராத்திரி எங்களிடம் விடவில்லை. என் பிள்ளையைக் கைது செய்தார்களா? நாங்கள் எங்கே தப்பு செய்தோம்?
(பெயர் வேண்டாம், டாம்பா, ஃப்ளோரிடா)

பதில்: அம்மா, பஸ் நிற்கும் இடத்தில் நீங்கள் நின்ற அந்த அரை மணி நேரத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். இது கைது கிடையாது. உங்கள் மகன் மேல் எந்த வழக்கும் இதனால் வராது. ஃப்ளோரிடாவில் இதற்குப் பெயர் பேக்கர் ஆக்ட். அங்கே இருக்கிறவர்கள் வாயில் அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது, 'அவனை பேக்கர் ஆக்ட் பண்ணிட்டாங்க' என்று நம்மவர்களும் சொல்கிறார்கள்.

1971-இல் மையாமியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் மேக்சின் பேக்கர் கொண்டுவந்த சட்டம் அது. மனநோய் என்று சொல்லி ஆட்களை இஷ்டத்துக்கு அடைத்து வைக்கிற வழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் அந்த அம்மையார் பாடுபட்டார். அந்தச் சட்டம் இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போலீஸ் காரில் ஏற்றவும் பயன்படுகிறது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ பெரிய காயம் உண்டாக்கிவிடுவார் என்று தோன்றினால், போலீஸ் அதிகாரியோ, மருத்துவர், உளவியலாளர் போன்ற தகுதியுள்ளவரோ, நீதிமன்றமோ அவரை அவர் சம்மதம் இல்லாமலே பரிசோதனைக்கு அனுப்பலாம். அதிகபட்சம் 72 மணி நேரம் வைத்திருக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் வந்த 12 மணி நேரத்துக்குள் பரிசோதனையைத் தொடங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் பெற்றவர்களே போய் நின்று 'என் பிள்ளையைக் கொடுங்கள்' என்றாலும் மருத்துவமனை கொடுக்க வேண்டியதில்லை, இதுதான் எல்லாரையும் உலுக்கிவிடுகிறது.

உங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஏதோ அபூர்வமான காரியம் என்று நினைக்காதீர்கள். 2018-19 என்ற ஒரே கணக்கு ஆண்டில் ஃப்ளோரிடாவில் பிள்ளைகளுக்கு இப்படி நடந்த பரிசோதனைகள் 37,000-க்கும் மேல். 2020 பிப்ரவரியில் ஜாக்சன்வில்லில் 6 வயதுப் பெண் குழந்தையை இரண்டு நாள் அனுப்பி வைத்தார்கள். காருக்குப் போகிற வழியில் அந்தக் குழந்தை அமைதியாக நடந்து வருவதையும், இவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அழைத்துப் போகிற அதிகாரியே வியந்து பேசுவதையும் அவருடைய சட்டைக் கேமரா பதிவு செய்திருந்தது, அந்த வீடியோ வெளியே வந்து ஊரே பேசியது. அப்படி இருந்தும் குழந்தை போய்ச் சேர்ந்த இடம் மருத்துவமனைதான். இந்த மாதிரி நிகழ்வுகளுக்கு அப்புறம் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியே கொண்டு போவதற்கு முன்னாலேயே பெற்றவர்களைத் தொடர்பு கொள்ளப் பள்ளி நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும். ஆகவே உங்களுக்கு எத்தனை மணிக்குப் போன் வந்தது, பிள்ளை எத்தனை மணிக்குக் காரில் ஏறினான் என்ற இரண்டு நேரமும் முக்கியம். போனில் அந்த அழைப்பு வந்த நேரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல், இன்றைக்கே. அன்று நடந்ததைப் பற்றிப் பள்ளி எழுதிய எல்லாக் குறிப்புகளின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். பரிசோதனைக்கு அனுப்பிய அதிகாரி எதைப் பார்த்து, எதைக் கேட்டு அனுப்பினார் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்திருப்பார், அதன் நகலை மருத்துவமனையிலும் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரசு நிதி வாங்கும் பள்ளி அதை இலவசமாகத் தர வேண்டும், உபகாரமாகச் செய்வதில்லை. பெரிய பையனையோ அடுத்த வீட்டுக்காரரையோ வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. உங்கள் மகனுக்கு ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டமோ, குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்து தர வேண்டிய வசதிகளை எழுதி வைக்கும் 504 திட்டமோ இருந்தால், அதற்கான கூட்டத்தை உடனே கூட்டச் சொல்லி எழுதுங்கள். இல்லையென்றால் அதற்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, இன்னொரு முறை இவன் மேஜையைத் தள்ளினால் முதல் நிமிடம் யார் வருவார், ஐந்தாவது நிமிடம் யாருக்குப் போன், எந்த அறைக்குக் கூட்டிப் போவார்கள், எப்போது மட்டும் போலீஸ் என்று வரி வரியாக எழுத வையுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில், இப்படி ஒரு தாள் கோப்பில் இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் அந்தப் பத்து நிமிடம் வேறு வேறு மாதிரிதான் போனது. களேபரம் நடக்கிறபோது யாருக்கும் யோசிக்க நேரம் இருப்பதில்லை, கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார்கள், பள்ளி அலுவலகத்தில் கைக்கு எட்டுவது வாக்கி டாக்கி.

'எங்கே தப்பு செய்தோம்' என்று கேட்டீர்கள். தப்பு இல்லை, ஆனால் ஒன்று சொல்லலாம். நம் வீடுகளில் 'உசிரே போகுது', 'செத்துடலாம் போலிருக்கு', 'கொன்னுடுவேன் உன்னை' என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். சாம்பார் அடிப்பிடித்தாலும் சொல்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கோபத்தில் அதையே இங்கிலீஷில் சொல்கிறான், அந்த மொழியில் அது வேறு எடையோடு போய் விழுகிறது. ஆசிரியர் அதைக் கேட்டும் கேளாததுமாக விட முடியாது, விடவும் கூடாது. அதற்காக உங்கள் மகன் சும்மா சொன்னான் என்று நீங்களும் மூடி வைத்துவிடாதீர்கள். ஒரு சாயந்திரம், டிவி இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்னைக்குச் செத்துப் போகணும்னு சொன்னியே, நெஜமாவே அப்படித் தோணுச்சா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுவார்கள். அப்படி விதைக்காது என்பது ஆராய்ச்சியிலும் பார்த்தாயிற்று, என் அனுபவத்திலும் பார்த்தாயிற்று. கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். அவன் ஆமாம் என்றால், அல்லது ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், குழந்தைகள் மருத்துவரிடம் அந்த வாரமே கூட்டிப் போங்கள்.

கேள்வி: நான் 31 வருடம் பள்ளியில் இருந்தவன். எங்கள் பள்ளிக்குப் போலீஸ் வந்தால் அது தேர்வு வினாத்தாள் கட்டுக்குக் காவலாகத்தான் இருக்கும். பிள்ளை அழுவதற்குப் போலீஸ் எப்படி அங்கே வழக்கமாயிற்று என்பது எனக்குப் புரியவே இல்லை.
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி)

பதில்: ஐயா, ஒரே நாளில் வந்ததில்லை. 1950-களில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில், போலீஸும் பிள்ளைகளும் சிநேகமாகப் பழகட்டும் என்ற எண்ணத்தில் பள்ளிக்கு ஒரு அதிகாரியை அனுப்பி ஆரம்பித்தார்கள். ரொம்ப காலம் அது சின்ன ஏற்பாடாகத்தான் இருந்தது. 1999-இல் கொலராடோவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்ததும் எல்லாம் மாறியது. மத்திய அரசு பள்ளிப் போலீஸுக்கென்று கோடிக் கணக்கில் பணத்தை இறைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1998-இல், நியூயார்க் நகரம் தன் பள்ளிக் காவலர்களைக் கல்வி வாரியத்திடமிருந்து எடுத்துப் போலீஸ் துறைக்குக் கொடுத்துவிட்டது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேர் செத்தார்கள், அடுத்த மாதமே அந்த மாநிலத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. 2022-இல் டெக்சஸில் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு அந்த மாநிலமும் 2023-இல் அதே மாதிரிச் சட்டம் போட்டது.

பெற்றவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். துப்பாக்கிக்காரன் வந்தால் தடுக்க ஆள் வேண்டும் என்றுதான் வைத்தார்கள். ஆனால் துப்பாக்கிக்காரன் தினமும் வருவதில்லை, நல்லவேளை. தினமும் வருவது வேறு. அம்மா அப்பா பிரிந்துபோன பிள்ளை, ராத்திரி தூங்காத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்ளும் பிள்ளை. பக்கத்தில் போலீஸ் இருக்கிறார், உளவியலாளர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார், அப்போது யாரைக் கூப்பிடுவார்கள்? 2019-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏ.சி.எல்.யூ. அரசின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, போலீஸ் இருந்து, ஆலோசகர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்ற நாலு பேரில் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளில் 1 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இந்த ஒரு எண் உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் சொல்லிவிடும்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொடுமை. நியூயார்க்கில் நகரசபை 2011-இல் போட்ட சட்டத்தால் பள்ளிக்குள் போலீஸ் செய்வதைக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. மனக்கொந்தளிப்பில் இருக்கும் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்புவதை அங்கே 'சைல்ட் இன் க்ரைசிஸ்' என்று தனித் தலைப்பில் எழுதுகிறார்கள். அதில் கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் விகிதத்தைவிட எவ்வளவோ அதிகம், கைவிலங்கு பூட்டப்பட்டவர்களிலும் அவர்களே அதிகம். 5 வயதுக் குழந்தைக்குக்கூட விலங்கு பூட்டியதாக அந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த நகரத்திலேயே ஒரு நல்ல காரியமும் நடந்தது. பிள்ளை அடம் பிடித்தால் உடனே அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று 2013-இல் பெற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருட டிசம்பரில் நகரம் சமரசத்துக்கு வந்தது. பெரிய காயம் ஏற்படும் ஆபத்து கண்ணெதிரே இருந்தால் தவிர 911-ஐக் கூப்பிடக் கூடாது, அதைத் தண்டனையாகப் பயன்படுத்தவே கூடாது என்று விதியில் எழுத வைத்தார்கள். விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் விதி இருக்கிற அம்மா, பள்ளி முதல்வர் முன்னால் குரல் நடுங்காமல் பேச முடியும்.

கேள்வி: அம்மா, நான் காவல் துறையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி நியூ ஜெர்சியில் படிக்கிறாள். போலீஸ் போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு என்றால் அந்தக் காவலர் என்னதான் செய்வார்?
(எஸ்.ஐ., ஓய்வு, திண்டுக்கல்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தம் நியாயமானது. நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் பையன். பெரிய மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டான், கிட்டே போனால் உதைக்கிறான். நான் தரையில், மேஜையிலிருந்து நாலடி தள்ளி, காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அவன் மூச்சு மெதுவாகி, விரலால் தரை விரிப்பில் கோடு போட ஆரம்பித்தான். அது நல்ல அறிகுறி, இனி இறங்கி வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே நின்ற பள்ளிப் போலீஸ்காரரின் தோளில் இருந்த ரேடியோ கரகரவென்று கத்தியது. அவ்வளவுதான், பையன் தலையை மேஜைக் காலில் மோதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை, ரேடியோவை அணைத்தார், பெல்ட்டை மறைக்கிற மாதிரி மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். ஆறடி இரண்டு அங்குல உயரம், முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இன்னொரு இருபது நிமிடம் ஆயிற்று. பையன் வெளியே வந்ததும் அவரைப் பார்த்து முதலில் கேட்டது, 'உங்களுக்கு அந்தச் சேர் உடையாதா?'

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு அது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, அவருக்கு ஆட்டிசம் உள்ள தங்கை மகன் இருந்தான். சொல்லிக் கொடுக்காததுதான் குறை. 1988-இல் மெம்ஃபிஸ் நகரப் போலீஸ், மனநல நெருக்கடிக்குப் போகும் அதிகாரிகளுக்கு 40 மணி நேரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. அதைத்தான் சி.ஐ.டி. என்கிறார்கள், நம்மூர் சி.ஐ.டி. வேறு. அமெரிக்கா முழுக்க அது பரவியிருக்கிறது, ஆனாலும் பள்ளிக்குப் போகிற எல்லாருக்கும் கிடைப்பதில்லை. காவலருக்குக் கற்றுக் கொடுத்தது நிலைமையை உடனே கட்டுக்குள் கொண்டுவருவது. கொந்தளிக்கிற பிள்ளைக்கு வேண்டியது நேரம். நீங்கள் 34 வருடம் செய்த வேலை, இரண்டும் எப்படி இடிக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் கென்டக்கி மாநிலத்தில் கென்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நடந்தது ஒரு உதாரணம். 8 வயதுப் பையன், ஏ.டி.எச்.டி., எடை சுமார் 24 கிலோ. பள்ளியில் இருந்த போலீஸ் அதிகாரி அவனுக்கு விலங்கு போட்டார். மணிக்கட்டு சின்னது, நிற்காது என்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்து முழங்கைக்கு மேலே, புஜத்தில் பூட்டினார். கால் மணி நேரம். வலிக்கிறது என்று பிள்ளை அழுவது வீடியோவில் இருக்கிறது. 2017-இல் கூட்டாட்சி நீதிபதி, அது அரசியல் சட்டத்துக்கு விரோதமான பலப்பிரயோகம் என்று தீர்ப்பு எழுதினார். அடுத்த வருடம் கவுண்டி 3 லட்சத்து 37 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அந்தப் பையன் அன்று யாரையும் கொல்ல வரவில்லை ஐயா.

உங்கள் பேத்தி இருக்கிற நியூ ஜெர்சியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பிள்ளைகளுக்கான நடமாடும் நெருக்கடிக் குழு என்று வைத்திருக்கிறார்கள், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், மனநலப் பணியாளர் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ பள்ளிக்கோ வருவார். சீருடை இல்லை, விலங்கு இல்லை. கொலராடோவில் டென்வர் நகரம் 2020-இல் ஸ்டார் என்ற பெயரில் இதைப் போன்ற ஒன்றைத் தொடங்கியது, அதில் மனநலப் பணியாளரும் மருத்துவ உதவியாளரும் ஒரு வேனில் போகிறார்கள். உங்கள் மகனிடமோ மருமகளிடமோ சொல்லி நியூ ஜெர்சிக் குழுவின் எண்ணைப் பள்ளி ஆலோசகரிடம் கேட்டு வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் இரண்டு போலீஸ். என் மகள் பள்ளி லேப்டாப்பில் எழுதிய ஒரு கவிதையைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். நாங்கள் விசாவில் இருக்கிறோம், கை கால் ஓடவில்லை. அவர்கள் எப்படி அதைப் படித்தார்கள்?
(ஒரு அப்பா, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: பள்ளி கொடுத்த லேப்டாப்பிலும் பள்ளிக் கணக்கிலும் பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்க மென்பொருள் உண்டு. கேகிள், கோகார்டியன் என்பவை நிறையப் பள்ளிகளில் இருக்கின்றன. சாவு, தற்கொலை, காயம் மாதிரி சொற்கள் வந்தால் எச்சரிக்கை போகும், பள்ளி நேரத்தில் என்றால் ஆலோசகருக்கு. ராத்திரியில் பள்ளி ஆட்கள் பெற்றவர்களுக்குப் போன் போடுவார்கள், யாரும் எடுக்கவில்லை என்றால் பல ஊர்களில் அது போலீஸுக்குப் போய்விடும். நம்மவர்கள் தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை. தவறில்லை, எவ்வளவு மோசடி அழைப்புகள். ஆனால் பள்ளியின் எண்ணையும் ஆலோசகரின் எண்ணையும் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். அவசரத் தொடர்புக்கு ராத்திரியில் போன் எடுக்கிற இரண்டு பேர் பெயரைக் கொடுங்கள்.

இந்த மாதிரி வருவதற்கு 'வெல்ஃபேர் செக்' என்று பெயர். பிள்ளை நலமா என்று பார்ப்பதுதான் வேலை, இதனால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. வாரண்ட் இல்லாமல் நலம் விசாரிக்கிறோம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வீட்டுக்குள் நுழைய முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. உள்ளே உயிருக்கு ஆபத்து என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் அது வேறு. சண்டை போடாதீர்கள், ஒளிக்காதீர்கள். பிள்ளையை வாசலுக்குக் கூப்பிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று பேச வையுங்கள், அநேகமாகப் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள்.

மறுநாள் காலையில் மகளைத் திட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் கவிதை என்னவென்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அதைப் படித்தீர்களா? அவளிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். போலீஸ் படித்திருக்கிறது, அப்பா படிக்கவில்லை என்ற எண்ணம் அவளுக்கு இருக்கக் கூடாது.

கேள்வி: 988-ஐக் கூப்பிட்டால் போலீஸ் வருமா?
(பெயர் இல்லை, மின்னஞ்சல்)

பதில்: அநேகமாக வராது. தற்கொலை எண்ணத்திலோ மனநல நெருக்கடியிலோ இருப்பவர்களுக்காக 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுக்க இயங்குகிற இந்த எண்ணில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், நூறு அழைப்பில் இரண்டுக்கும் குறைவாகத்தான் அவசர வண்டி அனுப்புகிற நிலை வருகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். எழுதியும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 15 வயது. அம்மா இந்த மேகசின் படிப்பார், அதனால் ஊர் போட வேண்டாம். என் ஃப்ரெண்ட் ஒருத்தி கவுன்சலரிடம் அழுததற்கு அவளை போலீஸ் கூட்டிப் போயிற்று, எல்லாரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். எனக்கும் கொஞ்ச நாளாகவே எதுவும் பிடிக்கவில்லை. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. கவுன்சலரிடம் சொல்லலாமா? சொன்னால் எனக்கும் அப்படி ஆகிவிடுமா?

பதில்: கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் சிநேகிதிக்கு நடந்தது அப்படி நடந்திருக்கக் கூடாது. பின்வாசல் வழியாக, மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்துப் போயிருக்கலாம். பெரியவர்கள் நாங்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை. அவள் பேசியதில் தப்பே இல்லை.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆகவே ஆகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. கவுன்சலர் நீ சொல்வதைப் பொதுவாக யாரிடமும் சொல்ல மாட்டார், ஆனால் உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உனக்குக் கொடுமை செய்கிறார்கள் என்றாலோ அவர் சொல்லியே ஆக வேண்டும், அது அவர் வேலையின் விதி. அப்படி ஒன்று வந்தாலும் பெரும்பாலும் நடப்பது என்ன தெரியுமா? சில கேள்விகள் கேட்பார். சாகணும்னு நினைச்சியா, எப்படின்னு யோசிச்சியா, எப்போ, அந்த மாதிரி. உண்மையாகச் சொல். அப்புறம் உன் அம்மாவைக் கூப்பிடுவார், மூன்று பேரும் உட்கார்ந்து, கஷ்டமாக இருக்கும்போது யாரிடம் போவாய், யாருக்குப் போன் செய்வாய், வீட்டில் எதை எட்டாமல் எடுத்து வைப்பது என்று ஒரு தாளில் எழுதுவீர்கள். என் 16 வருடத்தில் என்னிடம் வந்து அழுத பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லாரும் அன்று சாயந்திரம் வீட்டுக்குத்தான் போனார்கள்.

உள்ளே போனதும் நீயே முதலில் கேட்கலாம். 'நான் சொல்லப் போறதில எதை நீங்க மத்தவங்ககிட்ட சொல்லுவீங்க? யாரையாவது கூப்பிடறதா இருந்தா எனக்கு முன்னாடியே சொல்லுவீங்களா?' இந்த இரண்டு கேள்வியையும் நல்ல கவுன்சலர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், என்னிடம் கேட்ட பிள்ளைகளை எனக்கு அதனாலேயே பிடித்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வாய் வரவில்லை என்றால், இங்கே எனக்கு எழுதினாயே, 'எதுவும் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை' என்று, அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி நீட்டு.

அம்மா இந்தப் பக்கத்தைப் படித்து, இது என் பெண்தானோ என்று சந்தேகப்பட்டு உன்னிடம் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு. நீ பயப்படுகிற அளவுக்கு அவர் கோபப்பட மாட்டார் என்பது என் கணிப்பு, நிறைய அம்மாக்களைப் பார்த்தவள் சொல்கிறேன். இன்று ராத்திரியே மனசு தாங்கவில்லை, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்றால் நாளைக்குக் காத்திருக்காதே. அம்மாவை எழுப்பு, அல்லது 988-க்கு ஒரு செய்தி அனுப்பு. அப்படி இல்லையென்றால் நாளைக்கு லஞ்ச் பெல் அடித்ததும் கவுன்சலர் அறைக்குப் போ. காலையில் அங்கே டைம்டேபிள் மாற்ற வந்தவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள், மதியம் கூட்டம் குறைவு, ஜன்னல் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.